வால்வைக் கால் சுற்று திறந்தவள்

"பாப்பா, குழாய்க்கு நேரா நிக்காத. தள்ளி நில்லு."

ஓடையில் முழங்கால் ஆழத் தண்ணீரில் வலையோடு நின்றவள் நிமிர்ந்து பார்த்தாள். கரைமேல் சலவைக்கூடத்தின் பின்சுவர். சுவரின் அடியிலிருந்து ஒரு பெரிய குழாய் ஓடையை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே, கம்பிவேலியைப் பிடித்தபடி ஒரு பெண்மணி. வயது நாற்பதுக்கு மேல் இருக்கும். தலையில் துணித்தொப்பி, நீலச் சட்டை. இடக்கையில் மட்டும் சட்டைக்கை மணிக்கட்டு வரை இறங்கியிருந்தது. வலக்கையில் முழங்கைக்கு மேல் சுருட்டியிருந்தது.

"ஏன்க்கா, என்ன வரும்?"

"சுடுதண்ணி. மணி நாலாகப் போகுது."

"ரொம்பச் சூடா இருக்குமா?"

"உன்னை அவிக்கிற அளவுக்கு இருக்காது. ஆனா திடீர்னு கால்ல பட்டா துள்ளுவ. புடிச்சு வெச்சிருக்கிற மீனும் போயிடும்."

அவள் இரண்டடி தள்ளி நின்றாள்.

"சமைக்கவா புடிக்கிற?"

"இல்லக்கா. அளக்கறதுக்கு."

"அளந்து?"

"நோட்டுல எழுதிக்குவேன்."

"எழுதி?"

"திரும்பத் தண்ணியிலயே விட்டுடுவேன்."

அந்தப் பெண்மணி கம்பிவேலியில் நெற்றியை முட்டிக்கொண்டு வலைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இதுக்குச் சம்பளம் வேற தர்றாங்களா?"

"தர்றாங்க."

"அடக் கடவுளே. எங்க வீட்டுக்காரரு வேலைய விட்டு வந்ததுல இருந்து ஜன்னல்ல உக்காந்து இந்த ஓடையைத்தான் பாத்துக்கிட்டிருக்காரு. கையில ஒரு ஸ்கேலைக் குடுத்திருந்தா நானும் நிமிர்ந்திருப்பேன்."

அவள் சிரித்துவிட்டாள். அறிமுகம் இல்லாதவர்களிடம் சட்டென்று சிரித்துவிடும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. அதற்குள் மேலே இரும்புச் சக்கரம் கிறீச்சிடும் சத்தம் கேட்டது. வெள்ளம் பாயப்போகிறது என்று எண்ணி இன்னும் ஓரடி நகர்ந்தாள். குழாயின் வாயில் விரல் கனத்துக்குத் தண்ணீர் எட்டிப்பார்த்து, பாசி படிந்த கல்மேல் வழிந்து, சத்தமில்லாமல் ஓடையில் கலந்தது. மெல்லிய ஆவி எழுந்தது.

"இதுக்குத்தானா அக்கா இவ்வளவு பயமுறுத்தினீங்க?"

"கால் சுத்துதான் திறப்பேன். முழுசாத் திறந்தா கீழ இருக்கிற உசுரெல்லாம் வெந்துடும்."

"அப்ப இது எவ்வளவு நேரம் வந்துக்கிட்டிருக்கும்?"

"நாளைக்குக் காலைல நான் வந்து மூடற வரைக்கும்."

"அப்படித்தான் திறக்கணும்னு சொல்லியிருக்காங்களா?"

அந்தப் பெண்மணி தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். "சொல்றவங்க யாரும் இந்தப் பக்கம் வந்து எட்டிப் பாத்ததில்ல பாப்பா."

அன்று அவள் நோட்டில் எழுதிக்கொண்டது ஒரே வரி: "மாலை நான்கு மணி. குழாய் நீர் வரத் தொடங்கியது." பதினான்கு மாதம் தேடி அலைந்து கண்டுபிடிக்கப்போகிற விடை முதல் நாளே, கேட்காமலேயே அவளிடம் சொல்லப்பட்டுவிட்டது. அந்தப் பேச்சைப் பிற்பாடு எத்தனையோ முறை வரிசை தப்பாமல் நினைத்துப் பார்த்திருக்கிறாள். கால் சுற்று என்றபோது ஏன் காது கொடுக்கவில்லை? காலை வரைக்கும் என்றபோது ஏன் உறைக்கவில்லை? காது கொடுத்திருந்தால் அப்போதே பேசியிருக்கலாம். அப்போது அந்த அக்கா அவளுக்கு யாரோ. எழுதுவதும் எளிதாக இருந்திருக்கும்.

அவள் நீர்நிலைகளைக் கவனிக்கும் ஒரு அரசுத் துறையில் புதிதாகச் சேர்ந்திருந்தாள். வீட்டில் ஒரு மொழி, படிப்பில் ஒரு மொழி என்று வளர்ந்தவள். இரண்டிலும் பிழையில்லாமல் எழுதுவாள். இரண்டிலும் அதிகம் பேசமாட்டாள். அவளுக்குக் கொடுக்கப்பட்ட வேலை 'வந்தான்' என்னும் மீனின் குஞ்சுகளைப் பற்றியது. மீனுக்குப் புத்தகத்தில் நீளமான பெயர் இருந்தது. ஊரில் வந்தான் என்றால்தான் தெரியும். பல வருடங்களுக்கு முன் பெருமழையில் ஏதோ ஒரு வளர்ப்புக் குளம் உடைந்து, அதிலிருந்து தப்பி ஓடைக்குள் வந்த மீன். வந்தது என்றால் சும்மா வரவில்லை. ஓடைக்கென்றே காலங்காலமாக இருந்த, உடம்புக்குள் முள் தெரியும் அளவுக்கு மெல்லிய 'கண்ணாடிப்பொடி' மீன்களின் முட்டையையும் தின்றது, குஞ்சையும் தின்றது.

பெரிய மீனைப் பிடித்துப் பிடித்து வெளியே போடுவதால் ஒன்றும் ஆகாது என்று துறைக்குத் தெரிந்துவிட்டது. வந்தான் குளிர் தாங்காத மீன். குளிர்மாதங்கள் தொடங்குவதற்குள் ஒரு விரல் நீளத்துக்காவது வளர்ந்துவிட்ட குஞ்சுதான் உடம்பில் சேர்த்துவைத்த கொழுப்பைக் கரைத்துக்கொண்டு வசந்தம் வரை தாக்குப்பிடிக்கும். அரைவிரல் நீளக் குஞ்சு தாங்காது, செத்துப்போகும். இயற்கையே கணக்கை நேர் செய்துவிட வேண்டும். ஆனால் இந்த ஓடையில் மட்டும் வருடாவருடம் வந்தான் பெருகிக்கொண்டே போனது. எங்கோ ஓரிடத்தில் குஞ்சுகளுக்கு எதுவோ கைகொடுக்கிறது. இரையா, நிழலா, நீரின் வேகமா, வெப்பமா? அதைக் கண்டுபிடிக்கத்தான் மேட்டிலிருந்து பாலம் வரை ஏழு இடங்களைக் குறித்துக்கொண்டு மாதம் இரண்டு தடவை வலையும் வாளியும் ஸ்கேலுமாக அவள் இறங்கினாள். ஐந்தாவது இடம் சலவைக்கூடத்துக் குழாயின் கீழே இருந்த மடு.

சலவைக்கூடத்தில் இருந்தவர்கள் அவளுக்கு ஒரே வாரத்தில் பெயர் வைத்துவிட்டார்கள். "ஸ்கேலு வந்தாச்சு!" என்று ஒரு குரல் உள்ளே கேட்கும். சற்று நேரத்தில், பழைய படுக்கைவிரிப்பைக் கிழித்துத் திரித்த கயிற்றில் ஒரு சின்ன வாளி வேலிக்கு மேலாக இறங்கும். வாளிக்குள் மூடிபோட்ட டம்ளரில் டீ.

"சிந்தாமக் குடி. சிந்தினா மீனுக்கு ராத்திரித் தூக்கம் வராது. அதையும் நீ எழுத வேண்டியிருக்கும்."

அந்த அக்காவுக்கும் பெயர் போய்விட்டிருந்தது. வேலைக்குச் சேர்ந்தபோது என்ன பெயரோ, அங்கே எல்லாருக்கும் அவள் 'வால்வு அக்கா'. பெரிய மேற்பார்வையாளர்கூட வருகைப் பதிவேட்டில் விரலை ஓட்டித் தேடிப்பிடித்துத்தான் அவள் உண்மைப் பெயரைச் சொல்வாராம்.

டீ டம்ளர் ஏறி இறங்கிய அந்த மாதங்களில் அக்காவின் கதை தவணை தவணையாகக் கீழே வந்தது. இருபத்திரண்டு வயதில் சேர்ந்தாள். இரண்டு ஆஸ்பத்திரிகளின் விரிப்பும் நான்கு ஓட்டல்களின் துண்டும் அங்கேதான் வெளுத்தன. பதினோரு வருடம் ரோலரில் நின்றாள். ரோலர் என்றால் ஆள் உயரத்துக்குச் சுழலும் இரண்டு சூடான உருளைகள். ஈர விரிப்பின் இரண்டு முனையையும் இழுத்துப் பிடித்து இந்தப் பக்கம் கொடுத்தால் அந்தப் பக்கம் காகிதம் மாதிரி மடிப்பில்லாமல் வரும். ஒருநாள் விரிப்பின் ஓரத்தில் பிரிந்து தொங்கிய நூல் இடது மணிக்கட்டில் சுற்றிக்கொண்டது. பக்கத்தில் நின்றவள் ஓடிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்துவதற்குள் முழங்கைக்குக் கீழே பாதிக் கை உள்ளே போய்விட்டது.

ஒருமுறை சட்டைக்கையை அக்காவே விலக்கிக் காட்டினாள். கசக்கிப் போட்ட துணி மாதிரி இருந்தது தோல்.

"ஊர்ல உள்ள சுருக்கத்தையெல்லாம் நான் எடுத்தேன். இந்த ஒரு சுருக்கம் மட்டும் என்கிட்டயே தங்கிடுச்சு."

இந்த வேடிக்கையை அக்கா பல பேரிடம் பல தடவை சொல்லியிருப்பாள் என்பது தெரிந்தது. கேட்பவர் சங்கடப்படக் கூடாது என்பதற்காகவே தயார் செய்து வைத்திருந்த வேடிக்கை.

மூன்று மாதம் வீட்டில் கிடந்து திரும்பியவளுக்கு, இலேசான வேலை என்று வால்வைக் கொடுத்தார்கள். துவைத்து அலசிய சுடுதண்ணீரெல்லாம் பின்பக்கத் தொட்டியில் சேரும். மாலையில் அதை ஓடைக்குத் திறந்துவிட வேண்டும். காலையில் மூட வேண்டும். நடுவில் வடிகட்டியில் அடைக்கும் நூலையும் பொத்தானையும் வாரிக் கொட்ட வேண்டும். தொட்டிக்கு மேலே தகரப் பலகையில் எழுதியிருந்தது: "மாலை 4 மணி. முழுத் திறப்பு."

முதல் இரண்டு நாள் முழுசாகத்தான் திறந்தாள். மூன்றாம் நாள் மூட வந்தபோது வேலிக்கு மேலாக எட்டிப்பார்த்தாள். மடு முழுக்க வெள்ளை வயிறுகள். சின்னச் சின்ன மீன்கள். கண்ணாடி மாதிரி இருந்தவை வெந்து பால் நிறமாகியிருந்தன.

"நேரா மேற்பார்வையாளர் கிட்ட போனேன். சார், கீழ மீனெல்லாம் செத்து மிதக்குதுன்னேன். அவரு என்ன சொன்னாரு தெரியுமா? 'நாம என்னம்மா மீன் பண்ணையா நடத்தறோம்?'"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல. அன்னிக்கு நாலு மணிக்குச் சக்கரத்தில கை வெச்சேன் பாரு, இந்தக் கை" என்று இடக்கையைத் தூக்கிக் காட்டினாள். "திருப்ப வரல. கால் சுத்தோட நின்னுடுச்சு. சரி, இப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன். தொட்டி எப்படியும் காலைக்குள்ள காலியாயிடுது. அவங்களுக்கு என்ன நஷ்டம்?"

ஒன்பது வருடம் அப்படியே நடந்தது. யாரும் கவனிக்கவில்லை. தினமும் மாலையில் இளஞ்சூடாக ஒரு நீர்க்கோடு ஓடையில் இறங்கி, இரவெல்லாம் மடுவைப் போர்த்தி, விடிந்ததும் நின்றது. அக்கா தினமும் எட்டிப் பார்த்தாள். கீழே நிழல்நிழலாகச் சின்ன மீன்கள் நெளிந்துகொண்டிருந்தன. வெள்ளை வயிறு ஒன்றுகூட இல்லை. அது போதுமாக இருந்தது அவளுக்கு.

குளிர்மாதங்கள் தொடங்கியபோதுதான் எண்கள் பேச ஆரம்பித்தன. முதல் நான்கு இடங்களில் வந்தான் குஞ்சு சராசரியாக முப்பத்தொரு மில்லிமீட்டர். ஐந்தாவது இடத்தில் ஐம்பத்தெட்டு. ஸ்கேலைத் தப்பாக வைத்துவிட்டோமோ என்று அவள் மறுபடி மறுபடி அளந்தாள். குளிர் முற்றியபோது மேலே இருந்த இடங்களில் வலை காலியாக வந்தது. ஐந்தாவது இடத்தில் கொழுகொழுவென்று துள்ளின. வசந்தத்தில் அங்கிருந்துதான் மேலும் கீழுமாக ஓடை முழுக்கப் பரவின.

தண்ணீருக்குள் கல்லோடு கட்டிவைத்த வெப்பமானியை எடுத்துக் கோடு போட்டபோது, மடுவின் வெப்பம் மற்ற இடங்களைவிட நாலு டிகிரி கூடுதலாக, ஏறாமல் இறங்காமல் போயிருந்தது. அலுவலகத்தில் அவளுடைய மூத்த அதிகாரி, நெற்றிக்கு ஏற்றிய கண்ணாடியை இறக்கிக்கொண்டு அந்தக் கோட்டைப் பார்த்தார்.

"இந்த மடுவுக்குக் குளிர்காலம்னு ஒண்ணு வரவே இல்லையேம்மா."

"சலவைக்கூடத்துத் தண்ணி சார்."

"அது தெரியுது. ஆனா ஒரே அடியாத் திறந்துவிட்டா கோடு ஈட்டி மாதிரி ஏறி இறங்கும். அது நடந்திருந்தா வந்தான் குஞ்சும் வெந்திருக்கும், இல்ல விறைச்சிருக்கும். இதைப் பாரு, குழந்தைக்குப் போர்வை போத்தின மாதிரி இருக்கு. யாரோ பாத்துப் பாத்து விட்டிருக்காங்க."

யார் என்று அவளுக்குத் தெரியும். அந்த மேசையில் நின்றபோதுதான் கால் சுற்று என்ற சொல் அவள் காதில் விழுந்தது, பதினான்கு மாதம் தாமதமாக.

அக்காவிடம் சொல்லாமல் எழுதுவது சரியாகப் படவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீடு தேடிப் போனாள். சலவைக்கூடத்துக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி, மாடியில் இரண்டு அறை. கட்டிலில், சோபாவில், ஜன்னலில் எங்கு பார்த்தாலும் பூப்போட்ட துணி. மஞ்சளும் சிவப்பும் ஊதாவுமாகக் கண்ணைப் பறித்தன.

"வெள்ளை மேல படுத்தா எனக்குத் தூக்கம் வராது ஸ்கேலு. மடிச்சு வைக்கணும்னு தோணிக்கிட்டே இருக்கும்."

ஜன்னலோரம் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற அவள் கணவர். முட்டிவலி, ஆனால் வாய்க்கு ஓய்வில்லை. "வாம்மா, மீன் டாக்டர். என்னையும் கொஞ்சம் அளந்துட்டுப் போ. வருஷா வருஷம் குறைஞ்சுக்கிட்டே வர்றேன்னு இவ சொல்றா."

அவள் பையிலிருந்து ஒரு கண்ணாடித் தகட்டையும் கைலென்ஸையும் எடுத்தாள். மீனின் தலைக்குள் காதுக்குப் பக்கத்தில் ஒரு துளிக் கல் இருக்கும். தினம் ஒரு வளையமாக அது வளரும். நன்றாகத் தின்று வளர்ந்த நாளில் வளையம் அகலமாக விழும், குளிரில் சுருண்டு கிடந்த நாளில் நெருக்கமாக விழும் என்று விளக்கினாள். அலுவலகத்தில் எடுத்த பெரிய படத்தையும் பக்கத்தில் விரித்தாள். அக்கா முதலில் லென்ஸில் பார்த்தாள், பிறகு படத்தில் விரல் வைத்து உள்ளிருந்து வெளியே நகர்த்தினாள். துணியின் தறிவேலையைப் பார்த்தே எந்த ஓட்டல் என்று சொல்லிவிடுகிற கண் அது.

"நெருக்கமே இல்லையே இதுல."

"இல்லக்கா. இது அஞ்சாவது இடத்து மீன். வந்தான்."

"குளிர்காலம் எங்க?"

"அதுக்குக் குளிர்காலம் வரல. குழாய்த் தண்ணி அதைச் சூடாவே வெச்சிருந்திருக்கு. கொஞ்சம் கொஞ்சமா வந்ததால தாங்கிடுச்சு. வசந்தத்தில அங்கருந்துதான் ஓடை முழுக்கப் போகுது."

அக்காவின் விரல் படத்தின் ஓரத்தில் நின்றது.

"அப்ப நான் தினமும் எட்டிப் பாத்தது?"

அவள் சுருண்டுகொண்ட படத்தின் மூலையை நீவிவிட்டாள்.

"அந்தக் கண்ணாடிக் குஞ்சுங்க இல்லையா? நான் அதுங்கன்னுல்ல நெனச்சேன்."

"முதல்ல அதுங்கதான் இருந்திருக்கும். மேல இருந்து பாத்தா எல்லாம் நிழல் மாதிரிதானேக்கா தெரியும். இந்தப் பதினாலு மாசமா அங்க ஒரு கண்ணாடிப்பொடிகூட வலையில வரல."

கணவர் எதையோ வேடிக்கையாகச் சொல்ல வாயெடுத்து, மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா லென்ஸைப் பூப்போட்ட விரிப்பின்மேல் வைத்தாள். அது ஒரு சிவப்புப் பூவைப் பெரிதாக்கிக் காட்டிக்கொண்டிருந்தது.

"ஒன்பது வருஷம்" என்றாள். பிறகு, "இது உன் ரிப்போர்ட்ல வருமா?"

"வரணும்க்கா."

"வரட்டும். எழுதாம விட்டா நீ அளந்ததெல்லாம் பொய்யாயிடும்." இடது சட்டைக்கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். "வால்வை என்கிட்ட இருந்து எடுத்துடுவாங்களா?"

"எடுக்க மாட்டாங்க. தண்ணிய ஆற வெச்சு விடறதுக்கு இன்னொரு தொட்டி கட்டணும்னுதான் எழுதப்போறேன். உங்களுக்கு ஒண்ணும் ஆகாம நான் பாத்துக்கறேன்."

வாழ்க்கையில் அவள் யாருக்கும் அதிகம் வாக்குக் கொடுத்ததில்லை. கொடுத்துப் பழகியிருந்தால், எதைக் கொடுக்கலாம் எதைக் கொடுக்கக் கூடாது என்று தெரிந்திருக்கும். அன்று கிளம்பும்போது அக்கா அவளிடம் ஒன்று கேட்டாள். சரி என்று தலையாட்டிவிட்டு இறங்கினாள்.

அறிக்கை அலுவலக மொழியில் எழுதப்பட்டது. அறுபத்திரண்டு பக்கம்; எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஆற்றும் தொட்டி வேண்டும் என்பதைத் தடித்த எழுத்தில் போட்டாள். கடைசியில் ஒரு படிவத்தை இணைக்க வேண்டியிருந்தது. தகரப் பலகையில் எழுதியிருந்த விதிப்படி ஏன் திறக்கவில்லை என்பதற்குக் காரணம் குறிக்கும் படிவம். மூன்று கட்டங்கள்: இயந்திரக் கோளாறு. கவனக்குறைவு. பணியாளரின் அறியாமை.

அந்த மூன்று கட்டங்களுக்கு முன் ஒரு பிற்பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தாள். இயந்திரத்தின்மேல் பழிபோடலாம், பொய், மறுநாளே வெளுத்துவிடும். கவனக்குறைவு என்றால் தண்டனை உறுதி. அறியாமை என்றால் பாவம், தெரியாமல் செய்துவிட்டாள் என்று விட்டுவிடுவார்கள். அக்கா கேட்டுக்கொண்டது நினைவுக்கு வராமல் இல்லை. அதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதலாம், இரண்டு விரல் அகலத்துக்கு வெற்றிடம் இருந்தது. எழுதினால் மூத்த அதிகாரி கேள்வி கேட்பார், மேலிடம் விளக்கம் கேட்கும், அக்காவைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். எழுதாமல் இருப்பதே அக்காவுக்கு நல்லது என்று முடிவு செய்தாள். மூன்றாவது கட்டத்தில் குறியிட்டபோது, ஒருவரைக் காப்பாற்றுகிறோம் என்ற நிம்மதிகூட இருந்தது.

மூன்றாவது வாரம் நிர்வாகத்திலிருந்து துறைக்குப் பதில் வந்தது. போதிய விவரம் தெரியாத பணியாளர் வால்விலிருந்து மாற்றப்பட்டுவிட்டார், பயிற்சி பெற்றவர் அமர்த்தப்பட்டுள்ளார், குறை நீங்கியது. தொட்டியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆள்மேல் குறை என்று துறையே எழுதிக்கொடுத்திருக்கும்போது தொட்டி எதற்கு?

அந்த வாரம் அவள் ஐந்தாவது இடத்தில் இறங்கியபோது மணி நாலாகியிருந்தது. மேலே யாரும் குரல் கொடுக்கவில்லை. சக்கரம் சுழன்று சுழன்று முழுசாகத் திறந்தது. குழாய் கர்ஜித்தது. கரைக்கு ஏறி ஓடுவதற்குள் பூட்ஸுக்குள் சுடுதண்ணீர் இறங்கிவிட்டது. கணுக்காலில் சின்னக் கொப்புளம்தான். இரண்டு நாள் எரிந்தது. பத்து நிமிடத்தில் எல்லாம் ஓய்ந்தது. ஆவி விலகியபோது மடுவில் வெள்ளை வயிறுகள் மிதந்தன. வந்தான் குஞ்சுகள், நத்தைகள், கல்லடியில் இருந்த ஒரு நண்டு.

"வந்தான் எண்ணிக்கை குறைஞ்சிருக்கு, பாத்தியா?" என்றார் மூத்த அதிகாரி. அவரைக் குறைசொல்ல முடியாது. எண்ணிக்கை குறைந்துதான் இருந்தது.

அக்காவைத் துண்டு மடிக்கும் பகுதிக்கு மாற்றியிருந்தார்கள். நாளெல்லாம் இரண்டு கையையும் தோளுக்கு மேல் தூக்கி உதற வேண்டிய வேலை. அக்காவைப் பார்க்க அவள் வாசலில் காத்து நின்றாள். வேலை முடிந்து கூட்டத்தோடு வெளியே வந்த அக்கா அவளைக் கண்டதும் ஒதுங்கி வந்தாள்.

"என்ன ஸ்கேலு, இங்க நிக்கிற? டீ குடிச்சியா?"

"அக்கா, நான்..."

"விவரம் தெரியாத பணியாளர்னு உள்ள நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க. மேற்பார்வையாளர் எல்லாரையும் கூட்டி வெச்சு சத்தமாப் படிச்சாரு. எங்க வீட்டுக்காரருக்குக் கொண்டாட்டம். இருபத்தஞ்சு வருஷமா நான் சொன்னேன், இப்பதான் எழுத்துல குடுத்திருக்காங்கன்றாரு." அக்கா சிரித்தாள். சுருக்கம் விழுந்த கையைப் பற்றிச் சொல்வாளே, அதே மாதிரியான சிரிப்பு.

"தொட்டி கட்டச் சொல்லித்தான்க்கா எழுதினேன்."

"எழுதியிருப்ப. உன்மேல எனக்குக் கோவம் இல்ல பாப்பா."

அன்றுதான் அக்கா அவளை மறுபடி 'பாப்பா' என்றாள். நடுவில் இருந்த ஒன்றரை வருடத்தை அந்தச் சொல் துடைத்துப் போட்டுவிட்ட மாதிரி இருந்தது. அக்கா வேகமாக நடந்து, கூட்டத்தில் ஒரு நீலச் சட்டையாகக் கலந்துவிட்டாள். இரண்டு மாதத்தில் கையின் தோல் வெடித்து வேலையை விட்டுவிட்டதாகவும், மகள் இருக்கும் ஊருக்குக் கணவரோடு போய்விட்டதாகவும் மடிக்கும் பகுதிப் பெண்கள் சொன்னார்கள். மாடி வீட்டு ஜன்னலில் பூப்போட்ட துணி இல்லை. புதிதாக வந்தவர்கள் வெள்ளைத் திரை போட்டிருந்தார்கள்.

அவள் விடவில்லை. செத்த நத்தையையும் நண்டையும் படம் எடுத்து, ஈட்டி ஈட்டியாக ஏறிய வெப்பக் கோட்டையும் இணைத்து, மாதம் ஒரு கடிதம் எழுதினாள். ஒன்றரை வருடம் கழித்து ஆற்றும் தொட்டி வந்தது. தண்ணீர் இரண்டு நாள் அதில் கிடந்து, ஓடையின் குளிர்ச்சிக்கு இறங்கிய பிறகே வெளியே போகிறது. தகரப் பலகையை எடுத்துவிட்டார்கள். மடுவுக்கு மறுபடி குளிர்காலம் வந்தது. வந்தான் குஞ்சுகள் முப்பது மில்லிமீட்டரைத் தாண்டாமல் நின்றன. போன வசந்தத்தில் மேட்டுப் பக்கத்திலிருந்து இறங்கி வந்திருக்க வேண்டும், ஐந்தாவது இடத்தில் வலையைத் தூக்கியபோது கண்ணாடிப்பொடி ஏழு இருந்தன. உள்ளங்கைத் தண்ணீரில் அவற்றின் முதுகெலும்பு ஊசிமுனையால் இழுத்த கோடு மாதிரித் தெரிந்தது. அளந்தாள், எழுதினாள், விட்டாள். பிறகு பழக்கதோஷத்தில் வேலியை நிமிர்ந்து பார்த்தாள்.

அக்காவின் மகள் வீட்டுத் தொலைபேசி எண் அவளிடம் இருக்கிறது; மடிக்கும் பகுதியில் ஒருத்தி எழுதிக் கொடுத்தாள். ஏழு என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். இரண்டு முறை எண்ணை அழுத்தி, மணி அடிப்பதற்குள் துண்டித்துவிட்டாள். ஏழு என்று சொன்ன பிறகு அடுத்து என்ன சொல்வது என்பதுதான் பிடிபடவில்லை. அறுபத்திரண்டு பக்க அறிக்கை துறையின் அலமாரியில் இருக்கிறது. கடைசித் தாளில் அவள் இட்ட குறியும் இருக்கிறது. பக்கத்தில் இரண்டு விரல் அகல வெற்றிடம் இன்னும் அப்படியே இருக்கிறது.

அக்காவின் வீடு தேடிப் போன அந்த ஞாயிற்றுக்கிழமை, கிளம்பும்போது அவள் மாடி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது அக்கா கதவைப் பாதி சாத்திக்கொண்டு வெளியே வந்து நின்றாள். உள்ளே இருப்பவருக்குக் கேட்கக் கூடாது என்பது போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஸ்கேலு, ஒண்ணே ஒண்ணு. நான் கெட்டது பண்ணேன்னு எழுது, பரவால்ல. தெரியாமப் பண்ணிட்டேன்னு மட்டும் எழுதிடாத. சூடு பட்டா எப்படி இருக்கும்னு தெரிஞ்சவ நான். தெரிஞ்சுதான் கால் சுத்தோட நிறுத்தினேன். அதை எழுது."